விட்டு விட்டு எரியும் இன்ஜின் விளக்கு: டீசல் கார்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எரிந்துகொண்டே இருக்கும் விளக்கு என்றால் வேலை சுலபம். வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டால் கோளாறு கண்முன்னாலேயே இருக்கும். வந்து வந்து போகிற விளக்குதான் ஆளை அலைய வைக்கும். நெடுஞ்சாலையில் எரியும், வீட்டுக்கு வந்தால் அணையும், மெக்கானிக் முன்னால் நின்றதும் நல்ல பிள்ளையாகிவிடும்.

இங்கே பேசுவது காமன் ரெயில் டீசல் கார்களைப் பற்றி, அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ரெயில் என்ற ஒரே குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும் வண்டிகள்: ஃபியட்டின் 1.3 லிட்டர் இன்ஜின் வந்த ஸ்விஃப்ட், டிசையர், விஸ்டா, புன்டோ வகையறா, ஹூண்டாயின் சிஆர்டிஐ, ஃபோக்ஸ்வாகனின் டிடிஐ, அப்புறம் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகள். பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசல்களுக்கு இது பொருந்தாது.

முதலில், எந்த விளக்கைச் சொல்கிறீர்கள்?

இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டிய விளக்கு அது. சிவப்பில் எண்ணெய்க் குவளை, பேட்டரி, வெப்பமானி இவற்றில் எது எரிந்தாலும் அது வேறு விவகாரம். எண்ணெய்க் குவளையோ வெப்பமானியோ எரிந்தால் ஓரம்கட்டி இன்ஜினை உடனே நிறுத்துங்கள். கோளாறுக்குக் கார் கொடுக்கும் கோடு (code), அதைப் படிக்கும் ஸ்கேனர் எல்லாம் அப்புறம்.

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா டிடிஐ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வண்டியில் சுருள் கம்பி போன்ற குளோ பிளக் (ஸ்டார்ட் ஆக இன்ஜினுக்குள் சூடேற்றும் பாகம்) விளக்கு ஓடும்போது கண்சிமிட்டினால் அது குளோ பிளக்கைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இன்ஜின் மேலாண்மையில் ஏதோ கோளாறு என்பதை அந்த விளக்கு மூலம்தான் அந்த வண்டிகள் சொல்லும்.

நேற்று எரிந்தது, இன்று தானாக அணைந்துவிட்டது. சரியாகிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. விளக்கு எரிவதற்கும் அணைவதற்கும் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவிடம் ஒரு கணக்கு இருக்கிறது. பல கோளாறுகளுக்கு, முதல் முறை பார்த்ததும் அது விளக்கைப் போடாது. "பென்டிங்" என்று குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு வந்தால்தான் விளக்கு. அதேபோல, கோளாறு இல்லாமல் தொடர்ந்து மூன்று ஓட்டங்கள் முடிந்தால் விளக்கை அணைத்துவிடும். கோடு மட்டும் நினைவில் இருக்கும். இன்ஜின் சூடாகி ஆறும் சுற்றுகள் சுமார் 40 ஆன பிறகுதான் அதுவும் அழியும். வயர் அறுந்தது போன்ற மின்கோளாறுகளில் சில வண்டிகள் உடனேயே விளக்கைப் போட்டுவிடும், அது தனி.

இதனால் இரண்டு விஷயம் தெரிகிறது. விளக்கு அணைந்த நேரத்துக்குப் பெரிய அர்த்தமில்லை. விளக்கு எரிந்த நேரம்கூட கோளாறு முதன்முதலில் நடந்த நேரமாக இருக்க வேண்டியதில்லை. "சிக்னலில் நின்றபோது எரிந்தது" என்று சிக்னலையே நினைத்துக்கொண்டிருப்போம். விஷயம் முந்தின நாள் மேம்பாலத்தில் ஆரம்பித்திருக்கும்.

விளக்கு எரிந்தபடியே ஓட்டலாமா?

இழுவை குறையவில்லை, புகை கூடவில்லை, சத்தம் மாறவில்லை என்றால் வீடு வரையோ ஒர்க்‌ஷாப் வரையோ நிதானமாக ஓட்டலாம். 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறதா? அது லிம்ப் மோடு, தன்னைக் காத்துக்கொள்ள ஈசியூ போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. அப்போதும் ஓட்டலாம், ஆனால் ஓவர்டேக் செய்கிற எண்ணமே வேண்டாம். ஓட்டத்திலேயே இன்ஜின் அணைகிறது, கரும்புகையோ வெண்புகையோ கக்குகிறது, பானட் அருகே டீசல் வாடை அடிக்கிறது என்றால் டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

மெக்கானிக்கிடம் போவதற்கு முன் நானே செய்ய வேண்டியது என்ன?

எழுதி வையுங்கள். விட்டு விட்டு வரும் கோளாறில் பாதி வேலை இதுதான், அதை வண்டி ஓட்டுகிறவரைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. இன்ஜின் குளிர்ந்திருந்ததா, சூடாகி அரை மணி நேரம் ஆகியிருந்ததா? மேடா, சமதளமா? எத்தனை பேர் வண்டியில்? டேங்கில் டீசல் எவ்வளவு? மழையா? பிரேக் மிதித்த பிறகா? பள்ளத்தில் இறங்கிய அதிர்ச்சிக்குப் பிறகா? ஏசி ஓடியதா?

அப்புறம் இன்னொரு கேள்வி, பலரும் சொல்ல மறப்பது: விளக்கு வர ஆரம்பித்ததற்குக் கொஞ்சம் முன்னால் வண்டியில் என்ன வேலை நடந்தது? கிளட்ச் மாற்றினார்களா, டீசல் ஃபில்டர் போட்டார்களா, இன்ஜினைத் தண்ணீர் அடித்துக் கழுவினார்களா, ஸ்டீரியோவோ ஹார்னோ மாட்டினார்களா? புதுக் கோளாறின் வேர் பல நேரம் கடைசியாகக் கை வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

ஸ்கேனர் நானே வாங்கலாமா?

வாங்கலாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம் 16 பின் உள்ள ஓபிடி சாக்கெட் இருக்கும். ஈஎல்எம்327 என்ற பெயரில் விற்கும் சின்ன ப்ளூடூத் கருவியைச் செருகி ஃபோன் ஆப்பில் பார்க்கலாம். 2013க்குப் பிறகு வந்த கார்களில் பெரும்பாலும் பிரச்சினையில்லை. அடிமாட்டு விலைக்கு வரும் போலிகள் சில வண்டிகளோடு பேசவே மாட்டா. கொஞ்சம் நல்லதாகப் பாருங்கள்.

அதில் பார்க்க வேண்டியது கோடு மட்டும் இல்லை. பென்டிங் கோடுகள் தனிப் பக்கத்தில் இருக்கும், விளக்கு எரியாத நாளிலும் அவை இருக்கலாம். அதைவிட முக்கியம் ஃப்ரீஸ் ஃப்ரேம்: கோளாறு பதிவான அந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, லோடு எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு என்று ஈசியூ எடுத்துவைத்த குறிப்பு. கோடு அழித்தால் இதுவும் சேர்ந்து போய்விடும். அதனால் அழிக்கும் பொத்தானைத் தொடும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

இந்தச் சின்னக் கருவிகள் பொதுவான பி0 கோடுகளை ஒழுங்காகப் படிக்கும். கம்பெனிகள் தங்களுக்கென்று வைத்திருக்கும் பி1 கோடுகளை எல்லாம் விளக்காது, டிபிஎஃப் என்ற புகை ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிக்கும் ரீஜெனரேஷனையும் நாம் சொல்லி நடத்த வைக்க முடியாது. அதற்குப் பெரிய ஸ்கேனர்தான். வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள், நிரந்தரமாகச் செருகி வைத்தால் பேட்டரியை உறிஞ்சும்.

பி0299 வருகிறது. டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றட்டுமா?

பொறுங்கள். பி0299 சொல்வது இவ்வளவுதான்: ஈசியூ கேட்ட அளவுக்கு, இன்ஜினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டில் காற்றழுத்தம் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்பது அதற்குத் தெரியாது. காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ சரியாகச் சுழலாமல் இருக்கலாம். சுழன்று தள்ளிய காற்று வழியில் கசியலாம். காற்று ஒழுங்காக வந்தும் அதை அளக்கும் சென்சார் தப்பாகச் சொல்லலாம்.

ஓர் உதாரணம். 1.3 லிட்டர், 75 குதிரைத்திறன் டிசையர். கோவைக்குள் எவ்வளவு ஓட்டினாலும் ஒன்றுமில்லை. மேட்டுப்பாளையம் தாண்டி, பர்லியாறு ஏற்றத்தில் நாலு பேரும் சாமானுமாக ஏறினால் விளக்கு வரும், இழுவை குறையும். குன்னூரில் நிறுத்தி டீ குடித்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் இழுவை திரும்பிவிடும். ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருந்தது: 2,600 ஆர்பிஎம், வேகம் 38 கி.மீ., லோடு 97 சதவீதம், கூலன்ட் 91 டிகிரி, மேனிஃபோல்டு அழுத்தம் 131 கிலோபாஸ்கல்.

இதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இன்ஜின் சூடாகிவிட்டது, முழு லோடு, டர்போ முழுமூச்சாகத் தள்ள வேண்டிய ஆர்பிஎம். நல்ல நிலையில் உள்ள வண்டி இங்கே 200க்குப் பக்கத்தில் காட்டும். அந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே 90 சொச்சம்தான், அதனால் 131 என்றால் டர்போ செத்துவிடவில்லை, ஏதோ தள்ளுகிறது. தள்ளுவது போய்ச் சேரவில்லை. சென்சார் பொய் சொல்கிறதா என்று பார்ப்பதும் சுலபம். இன்ஜினை ஓட விடாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால், மேனிஃபோல்டு அழுத்தம் அந்த ஊரின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் 101 சுமார், கோவையில் 96, 97, ஊட்டியில் 77, 78. இந்த வண்டி கோவையில் 97 காட்டியது. சென்சார் மேல் குற்றமில்லை.

மீதி இருப்பது குழாய்கள். டர்போவிலிருந்து, காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்கு ஒரு ரப்பர் ஹோஸ், இன்டர்கூலரிலிருந்து மேனிஃபோல்டுக்கு இன்னொன்று. விரிசல் பெரும்பாலும் ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்ப் கடிக்கிற ஓரத்தில்தான் இருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. அழுத்தம் இல்லாதபோது வாய் மூடிக்கொண்டு முழு ஹோஸ் போலவே இருக்கும். கையை அடியில் விட்டுத் தடவினால் எண்ணெயில் ஊறிய புழுதி பிசுபிசுவென்று ஒட்டும், அதுதான் அடையாளம். நின்ற இடத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் கேட்பதால் பயனில்லை. லோடு இல்லாமல் டீசல் இன்ஜினில் பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றும் அழுத்தம், அவ்வளவாக ஏறாது.

சரியான சோதனை இது. ஏர் ஃபில்டர் பக்கம் ஹோஸைக் கழற்றி, அந்த வாய்க்குப் பொருந்தும் பிவிசி மூடியில் ட்யூப்லெஸ் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி அடைத்து, இன்ஜின் ஆஃப் நிலையில் டயர் பம்பால் மெதுவாகக் காற்று ஏற்றுவது. 0.7 பார் போதும், அதற்கு மேல் போக வேண்டாம். சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை காட்டிக்கொடுக்கும். இன்ஜினின் காற்றுப்போக்கியான பிரீதர் வழியாகக் கொஞ்சம் காற்று போவது இயல்பு, அதைக் கசிவென்று நினைத்துவிடாதீர்கள்.

எர்டிகா, சியாஸில் வந்த 90 குதிரைத்திறன் வகையில் டர்போவின் உள்ளே இதழ்கள் நகரும். அதில் இன்னும் ஒரு படி உண்டு: இதழ்களை நகர்த்தும் ஆக்சுவேட்டர் ஒழுங்காக நகர்கிறதா, அதன் குழாய் அல்லது வயரிங் சரியா என்று பார்க்க வேண்டும். கரி பிடித்து இதழ் சிக்கினால் ஒரு நேரம் பி0299, இன்னொரு நேரம் நேரெதிராக, அழுத்தம் அதிகம் என்று பி0234 என்று மாறி மாறி வரும். இவ்வளவும் பார்த்து முடித்த பிறகுதான் டர்போ மாற்றும் பேச்சு.

ஓவர்டேக் செய்யும்போது பி0087 வந்து இழுவை போகிறது. ஹைபிரஷர் பம்பா?

பம்பாகவும் இருக்கலாம், ஆனால் கடைசியில் சந்தேகப்படுங்கள். பி0087 என்றால் ரெயிலில் டீசல் அழுத்தம் குறைவு. ஐடிலில் 300 பார் சுமார் இருக்கும். முழு மிதிப்பில் 1,400, 1,600 பார் வரை போகும். கார் டயரில் இருப்பது 2.3 பார் என்று வைத்துப் பார்த்தால் அளவு புரியும். அடைத்த ஃபில்டர் ஐடிலுக்கு வேண்டிய டீசலைத் தாராளமாக விடும், முழு மிதிப்பில் திணறும். அதனால்தான் ஓவர்டேக்கில் மட்டும் வருகிறது.

முதலில் ஃபில்டர், கூடவே அதன் அடியில் தேங்கும் தண்ணீர். மழைக்காலத்தில் தண்ணீரை வடித்துப் பார்த்துவிடுங்கள். கண்ணாடி பாட்டிலில் பிடித்தால் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். டேங்க் காலியாகும்போதும் ஏற்றத்திலும் மட்டும் வந்தால், டேங்கிலிருந்து வரும் குறைந்த அழுத்தக் குழாயில் காற்று ஏறுகிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கத்தில் கொஞ்ச தூரத்துக்கு, உள்ளே ஓடுவது தெரிகிற குழாய் மாட்டினால் குமிழ் ஓடுவது தெரியும். அப்புறம் இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் அளவு: நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் நான்கு பாட்டிலில் விட்டு ஐடிலில் ஓடவிட்டால், தேய்ந்த இன்ஜெக்டரின் பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிறையும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய டீசல் வண்டிகளில் மிஸ்ஸிங் பார்க்க, ஓடும் இன்ஜினில் இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி நடந்தால் வலி இல்லை என்று வீட்டுக்குப் போகாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கோளாறு சென்சாரிலா, வயரிலா, நிஜமாகவே இன்ஜினிலா என்று எப்படிப் பிரிப்பது?

லைவ் டேட்டாவைப் பதிவு செய்துகொண்டே ஓட்டுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஃபோனைப் பார்க்கட்டும், ஓட்டுபவர் பார்க்கக் கூடாது. அப்புறம் வரைபடத்தைப் பாருங்கள். ரெயில் அழுத்தம் மிதிக்க மிதிக்க மெல்லச் சரிந்தால் அது நிஜமான டீசல் பற்றாக்குறை. 900 பாரிலிருந்து கண்ணிமைக்கும் நேரத்தில் பூஜ்யமாகி மறு நொடி 900க்கே திரும்பினால், டீசலால் அப்படி நடக்க முடியாது. வயரோ, வயர்களை இணைக்கும் கப்ளரோ, சென்சாரோ தான். கூலன்ட் 90 டிகிரியிலிருந்து திடீரென்று மைனஸ் 40 காட்டினாலும் இதே கதை; மைனஸ் 40 என்பது பெரும்பாலும் வயர் விட்டுப்போயிருக்கிறது என்பதன் அடையாளம்.

வயர் என்று சந்தேகம் வந்தால் ஐடிலில் ஓடவிட்டு, சந்தேகப்படும் வயரிங்கை இடம் இடமாக மெதுவாக ஆட்டிப் பாருங்கள். அளவு எங்கே துள்ளுகிறதோ அங்கே ஆள் சிக்கிவிட்டார். ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் பக்கத்தில் கையை விடாதீர்கள். ஊசியால் வயரைக் குத்தி மல்டிமீட்டர் வைக்கும் பழக்கமும் வேண்டாம். அந்தத் துளை வழியாக அடுத்த மழையில் தண்ணீர் இறங்கி உள்ளே செம்பைப் பச்சையாக்கும்.

மழை பெய்தால் அல்லது வாட்டர் சர்வீஸ் விட்டால் மட்டும் விளக்கு வருகிறது.

கப்ளருக்குள் ஈரம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, சந்தேகப்படும் கப்ளர்களைத் திறந்து பின்கள் பச்சை பூத்திருக்கிறதா, ரப்பர் சீல் இருக்கிறதா என்று பாருங்கள். எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டு மாட்டுங்கள். இனிமேல் இன்ஜின் மேல் பிரஷர் தண்ணீர் வேண்டாம் என்று சர்வீஸ் ஆட்களிடம் சொல்லிவிடுங்கள். பளபளப்பான இன்ஜினால் யாருக்கும் லாபமில்லை.

எலி கடித்ததாக இருக்குமோ?

வண்டி நாலைந்து நாள் சும்மா நின்றிருந்தால், தோட்டத்துக்கோ குப்பைத்தொட்டிக்கோ பக்கத்தில் நிறுத்துவீர்கள் என்றால், தாராளமாக. பானட்டின் அடியில் உள்ள பஞ்சு பிய்ந்திருக்கிறதா, புழுக்கை கிடக்கிறதா என்று பாருங்கள். பாதி கடித்த வயர்தான் மோசம். முழுதாக அறுத்திருந்தால் உடனே தெரிந்துவிடும். இரண்டு இழையில் தொங்கும் வயர் சூட்டிலும் அதிர்விலும் விட்டுவிட்டுத் தொடும். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது தற்காலிகம்தான், இன்ஜின் சூட்டில் பசை உருகி டேப் கழன்றுவிடும். சால்டர் வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் போடச் சொல்லுங்கள். இரண்டு வயர் ஒன்றையொன்று முறுக்கியபடி போனால் அது பெரும்பாலும் வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் லைன், சரிசெய்த பிறகும் அந்த முறுக்கு அப்படியே இருக்க வேண்டும்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து கோடுகள் ஒரே நேரத்தில் வருகின்றன.

நாலைந்து பாகம் ஒரே நாளில் கெடாது. அவற்றுக்குப் பொதுவானது எது என்று பாருங்கள். முதலில் பேட்டரி. ராத்திரி முழுக்க ஓய்ந்திருந்த பேட்டரி 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது பத்து வோல்ட்டுக்குக் கீழே போய்த் தடுமாறினால் பேட்டரியையோ டெர்மினலையோ கவனியுங்கள். அடுத்தது எர்த்: மல்டிமீட்டரின் ஒரு முனையை இன்ஜின் பிளாக்கிலும் இன்னொன்றைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்து, செல்ஃப் அடிக்கும்போது பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கிறது அல்லது போல்ட் தளர்ந்திருக்கிறது. கிளட்ச் வேலை முடிந்த பிறகு வரும் விளக்குகளில் இதை நான் முதலில் பார்ப்பேன், கியர்பாக்ஸை இறக்கும்போது கழற்றிய எர்த்தைச் சரியாக முடுக்காமல் விடுவது சகஜம்.

இவை சரியென்றால் 5 வோல்ட் லைன். பல சென்சார்கள் ஈசியூவிலிருந்து ஒரே 5 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று ஷார்ட் ஆனால் மற்றவையும் தப்பாகக் காட்டும். ஒவ்வொரு சென்சார் கப்ளராகக் கழற்றிக்கொண்டே வந்தால், குற்றவாளியைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பும்.

சூடானதும் ஓட்டத்திலேயே அணைகிறது. அரை மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது.

இன்ஜின் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைச் சந்தேகப்படுங்கள். பி0335 பதிவாகியிருக்கலாம், பதிவாகாமலும் போகலாம். ஸ்டார்ட் ஆகாத அந்த நேரத்தில் ஸ்கேனரை மாட்டிச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். இன்ஜின் சுற்றுவது காதில் கேட்கிறது, ஆர்பிஎம் மட்டும் பூஜ்யம் என்றால் அந்தச் சிக்னல் ஈசியூவுக்குப் போகவில்லை. சிக்னல் இல்லாமல் அது டீசல் அடிக்காது. விலை குறைந்த டூப்ளிகேட் சென்சார் போடாதீர்கள், இதே கூத்து சில மாதத்தில் திரும்பும்.

பிரேக் மிதித்த பிறகுதான் வருகிறது என்றால் நம்பவே மாட்டேன் என்கிறார்கள்.

நம்ப வேண்டிய விஷயம்தான். பிரேக் பெடலில் உள்ள சுவிட்சிலிருந்து ஈசியூவுக்கு இரண்டு சிக்னல் போகும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பி0504 போன்ற கோடு வரும், சில வண்டிகளில் இழுவையும் குறையும். முன்னே சொன்ன டிடிஐ வண்டிகளின் குளோ பிளக் விளக்கு சிமிட்டுவதற்கும் இது பிரபலமான காரணம். இரவில் சுவர் பக்கம் பின்புறத்தைக் காட்டி நிறுத்தி, பெடலை மெல்ல மெல்ல மிதித்து, பிரேக் விளக்கு ஒரே சீராக வருகிறதா என்று பாருங்கள். மலிவான பாகம்.

பி0401, இஜிஆர். தகடு வைத்து அடைத்துவிடலாம் என்கிறார்கள்.

இஜிஆர் என்பது புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பும் வால்வு. அடைத்தால் பி0401 இன்னும் அதிகமாக வரும், ஏனென்றால் அந்தப் புகை திரும்பி வருகிறதா என்று ஈசியூ பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது. அதை மறைக்க அப்புறம் சாஃப்ட்வேரில் கை வைப்பார்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு விரோதம். வால்வைக் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்தாலே பல வண்டிகளில் போதும்.

பிஎஸ்6 வண்டி. ஊருக்குள் ஓட்டினால் விளக்கு வருகிறது, பைபாஸில் ஒரு சுற்று போய் வந்தால் போய்விடுகிறது.

இது டிபிஎஃப். புகையில் உள்ள கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் அது. நிறைந்ததும் சுமார் 600 டிகிரி சூட்டில் அதை எரித்துச் சாம்பலாக்க வேண்டும். தினமும் பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று மூன்று கிலோமீட்டர் ஓட்டினால் அந்தச் சூடு வருவதற்குள் சாவியைத் திருப்பிவிடுகிறீர்கள். ஐடில் கொஞ்சம் ஏறியிருப்பது, நிறுத்திய பிறகும் ஃபேன் ஓடுவது, சூடான வாடை இவை எரிப்பு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். அப்போது முடிந்தால் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிடுங்கள்.

அடிக்கடி பாதியில் நின்றால் இன்னொரு தொல்லை: எரிப்புக்காகக் கூடுதலாக அடித்த டீசல் எண்ணெயில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் அளவு குறையாமல் ஏறுகிறது, மோந்தால் டீசல் வாடை என்றால் எண்ணெய் மாற்றும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். போடும் எண்ணெயும் டிபிஎஃப்புக்கு என்று மேனுவலில் சொன்ன வகைதான். ஓட்டமே ஊருக்குள் மட்டும்தான் என்றால், என்னைக் கேட்டால், உங்களுக்கு டீசல் கார் தேவையில்லை.

பேட்டரியைக் கழற்றி மாட்டினால் விளக்கு போய்விடுமாமே?

பல வண்டிகளில் போகும். ஃப்ரீஸ் ஃப்ரேமும் போகும், கோளாறு மட்டும் இருக்கும்.

ஈசியூ போய்விட்டது என்கிறார்கள்.

அரிது. ஈசியூவுக்கு வரும் பவர், எர்த், அதன் பெரிய கப்ளரில் ஈரம், ஃப்யூஸ், மெயின் ரிலே இவ்வளவையும் பார்த்தீர்களா, அளந்த வோல்டேஜ் எவ்வளவு என்று கேளுங்கள். எண்கள் சொன்னால் நம்பலாம். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் நிஜமாகவே போயிருக்கலாம்.

பழைய டீசல் கார் பார்க்கப் போகிறேன். விளக்கு எரியவில்லை. போதுமா?

சாவியை ஆன் செய்யும்போது விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரியவே இல்லையென்றால் யாரோ வேலை செய்திருக்கிறார்கள். அப்புறம் ஸ்கேனரில் "கோடு அழித்த பிறகு ஓடிய தூரம்" என்ற அளவைத் தேடுங்கள். பெரும்பாலான வண்டிகள் அதைக் கொடுக்கும். 12 கி.மீ. என்றால் உங்களுக்குக் காட்டுவதற்காகக் காலையில்தான் அழித்திருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள், பதில் சரியில்லையென்றால் கிளம்பிவிடுங்கள்.

ஸ்கேன் கட்டணம் வாங்கிக்கொண்டு "இப்போது ஒன்றும் காட்டவில்லை, வந்தால் வாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். என்ன செய்வது?

அவர்கள் மேல் முழுத் தப்பும் இல்லை, கோளாறு இல்லாத நேரத்தில் எதையும் அளக்க முடியாது. ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். நீங்கள் எழுதிய குறிப்பு, ஃப்ரீஸ் ஃப்ரேம் படம், விளக்கு எரிந்தபோது எடுத்த டேஷ்போர்டு படம் மூன்றையும் காட்டுங்கள். "நான் சொல்லாமல் கோடு அழிக்காதீர்கள்" என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். ஏற்றத்தில் வரும் கோளாறென்றால் ஏற்றத்துக்கு, சூட்டில் வருமென்றால் மதிய வெயிலில், மெக்கானிக்கை ஸ்கேனரோடு உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். அதற்குத் தனியாகக் கூலி கேட்டால் கொடுத்துவிடுங்கள். பாகம் மாற்றச் சொன்னால், எதை அளந்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேளுங்கள், கழற்றிய பழைய பாகத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு ஒரு வாரம் பென்டிங் பக்கத்தைத் தினமும் பார்த்துவிடுங்கள். விளக்கு வருவதற்கு முன்பே அங்கே தெரிந்துவிடும்.